பகிர்வு அலுவலகத்தில் இரைச்சல்: உடல்நலப் பாதிப்புகளும் ஒலிச்சூழலைச் சீராக்கும் வழிகளும்

கண்ணோட்டம்

சென்னையின் மேற்குப் புறநகரில், அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டி அமைந்துள்ள பகுதி மண்ணூர்பேட்டை. 1960-களில் தொழிற்பேட்டை உருவான காலந்தொட்டு இங்குள்ளோர் அறிந்த இரைச்சல், பட்டறைகளின் இரைச்சல். கடைசல் இயந்திரம், அழுத்து இயந்திரம், காற்றழுத்தி ஆகியவற்றின் ஒலி. இன்று அதே பகுதியில் மென்பொருள் நிறுவனங்களும், அழைப்பு மையங்களும், கணக்கு அலுவலகங்களும், பல சிறு நிறுவனங்கள் ஒரே கூடத்தைப் பகிர்ந்துகொள்ளும் அலுவலகங்களும் இயங்குகின்றன. பழைய தொழிற்கூடங்கள் சில அலுவலகங்களாக மாற்றப்பட்டுள்ளன. உயர்ந்த கூரை, சிமெண்ட் சுவர், பளபளக்கும் தரைக்கல், கண்ணாடித் தடுப்பு ஆகியவை கொண்ட இவ்வறைகள் ஒலியை உறிஞ்சுவதில்லை, திருப்பி அனுப்புகின்றன.

“அலுவலகத்தில் இயந்திரம் எதுவும் இல்லை; ஆனாலும் மாலையில் தலை கனக்கிறது, காதில் ரீங்காரம் கேட்கிறது, வீட்டில் யார் பேசினாலும் எரிச்சல் வருகிறது” என்று கூறிப் புறநோயாளர் பிரிவுக்கு வருவோர் உண்டு. இவை கற்பனையான துன்பங்கள் அல்ல. அதே வேளையில், அவற்றிற் பெரும்பாலானவை செவியின் நிரந்தரச் சேதத்தைக் குறிப்பனவும் அல்ல. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கும், அறையைச் சீராக்குவதற்கும், தாமதிக்கக் கூடாத அறிகுறிகளை அடையாளம் காண்பதற்கும் இப்பக்கம் உதவும். பணியாளர்களுக்கும், செவித்திறன் குறைந்தோரை வீட்டில் கவனித்துக்கொள்வோருக்கும் இது எழுதப்பட்டுள்ளது.

அலுவலக இரைச்சலால் செவித்திறன் கெடுமா?

ஒலியின் அளவு டெசிபல் என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. ஒரு மீட்டர் தொலைவில் இருவர் இயல்பாக உரையாடும்போது ஒலியளவு சுமார் 60 டெசிபல். டெசிபல் சாதாரண எண்ணைப்போல் கூடுவதன்று: ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வும் ஒலியாற்றலை இரு மடங்காக்குகிறது. எனவே, நாளொன்றுக்கு 8 மணி நேரம் 85 டெசிபல் ஒலியில் இருப்பது பாதுகாப்பின் எல்லை எனக் கொண்டால், 88 டெசிபலில் அவ்வெல்லை 4 மணி நேரமாகவும், 91 டெசிபலில் 2 மணி நேரமாகவும், 100 டெசிபலில் 15 நிமிடமாகவும் சுருங்கிவிடும்.

மக்கள் நிறைந்த பகிர்வு அலுவலகத்தில் ஒலியளவு பெரும்பாலும் 55 முதல் 70 டெசிபலுக்குள் இருக்கும். இவ்வளவு ஒலி, உட்செவியின் மயிர்ச் செல்களை அழிப்பதில்லை. ஆகவே அறையின் பேச்சொலி ஒன்றினாலேயே நீங்கள் செவிடாகிவிடுவீர்கள் என்ற அச்சம் வேண்டா.

ஆனால் மூன்று சூழல்களில் செவிக்கு உண்மையான ஆபத்து உண்டு:

• அறை இரைச்சலை மறைப்பதற்காக ஹெட்செட்டின் ஒலியளவை உயர்த்திக்கொண்டே போவது.
• அலுவலகம் அமைந்துள்ள கட்டடத்திலேயே பட்டறை இயங்க, பணியின் பொருட்டு நாளில் பல முறை அங்கே சென்று வருவது.
• பணி முடிந்தபின் இருசக்கர வாகனப் பயணம், பேருந்தில் செவியொலிப்பானில் உரத்த இசை என ஓய்வின்றிச் செவியை உழைக்கவைப்பது.

பேச்சொலி ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது?

மின்விசிறியின் ஒலியை மூளை சில நிமிடங்களில் புறக்கணித்துவிடும். பின்னிருக்கையில் ஒருவர் தொலைபேசியில் பேசுவதை அது புறக்கணிப்பதில்லை. சொற்களை உணர்ந்து பொருள் காண்பது மூளை தானாகச் செய்யும் பணி. நீங்கள் வேண்டாம் என்றாலும் அது நிகழும். எண்களைச் சரிபார்த்தல், கடிதம் எழுதுதல் போன்று சொற்களை மனத்தில் நிறுத்திச் செய்யும் வேலைகளை இது மிகுதியாகக் குலைக்கிறது. ஆகவே, பேச்சு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை விட, எவ்வளவு தெளிவாகப் புரிகிறது என்பதே முக்கியம்.

இரண்டாவது காரணம், 1911-இல் பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் விவரித்த விளைவு: சுற்றிலும் இரைச்சல் கூடும்போது மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துகின்றனர். ஒருவர் உயர்த்தினால் அடுத்தவரும் உயர்த்துவார். முற்பகலில் அமைதியாயிருந்த கூடம், பிற்பகலில் சந்தையாவது இவ்வாறே. இதில் எவர் மீதும் குற்றமில்லை. அறையின் அமைப்பே குற்றவாளி.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், 40 பெண் அலுவலகப் பணியாளர்களுள் ஒரு பகுதியினர் 3 மணி நேரம் மிதமான அலுவலக இரைச்சலில் பணிபுரிந்தனர். அவர்கள் தமக்குக் கூடுதல் அழுத்தம் இருந்ததாகச் சொல்லவில்லை. ஆனால் அவர்களது சிறுநீரில், மன அழுத்தத்தின்போது சுரக்கும் எபிநெஃப்ரின் அளவு உயர்ந்திருந்தது. கடினமான புதிர்களை விரைவில் கைவிட்டனர். இருக்கையில் உடல் நிலையை மாற்றிக்கொள்வதும் குறைந்திருந்தது. “எனக்குப் பழகிவிட்டது” என்று நாம் சொல்லும்போதும் உடல் பழகியிருப்பதில்லை என்பதற்கு இது சான்று.

உடலில் தோன்றக்கூடிய அறிகுறிகள்

• பணி முடிவில் தலைவலி, கழுத்துத் தசை இறுக்கம், கவனச் சிதறல்.
• காதிரைச்சல்: வெளியில் ஒலி இல்லாதபோதும் காதில் ரீங்காரம் அல்லது விசில் ஒலி கேட்பது.
• குரல் கம்மல், தொண்டை வறட்சி, பேசும்போது களைப்பு.
• வீடு திரும்பியபின் எரிச்சல், பேச விருப்பமின்மை, உறக்கக் குறைவு.
• பலர் சேர்ந்து பேசும்போது சொற்களைப் பிரித்தறிய இயலாமை.

கடைசியாகக் கூறிய அறிகுறியைப் புறக்கணிக்க வேண்டா. அறை காரணமாகவும் அது தோன்றலாம். தொடக்க நிலைச் செவித்திறன் இழப்பின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். அமைதியான அறையில் நன்றாகக் கேட்கும் ஒருவர், கூட்டத்தில் மட்டும் தடுமாறுவது பரிசோதனைக்கு உரிய நிலையாகும்.

கூடுதல் கவனம் தேவைப்படுவோர்

செவித்துணைக் கருவி அணிவோருக்கு எதிர்முழக்கம் மிகுந்த அறை பெருந்தடையாகும். கருவி, பேச்சையும் அதன் எதிரொலியையும் சேர்த்தே பெருக்குகிறது. காதிரைச்சல், ஒற்றைத் தலைவலி, பதற்ற நோய், ஆட்டிசம், கவனக்குறைவு நிலை உடையோரும், பட்டறையில் பல்லாண்டு உழைத்தபின் அலுவலகப் பணிக்கு மாறியோரும் அதே அறையில் மற்றவர்களை விட அதிகமாகத் துன்புறுவர். இவர்கள் “ஒத்துழைக்காதவர்கள்” என்றோ “கவனமில்லாதவர்கள்” என்றோ பெயர் பெறுவதும், வேலையை விட நேர்வதும் உண்டு. காரணம் அறையில் இருக்கக்கூடும் என்பதை மேலாளரும் குடும்பத்தினரும் அறிந்திருத்தல் நலம்.

உங்கள் அறையை நீங்களே சோதித்தறிதல்

1. கைதட்டிப் பாருங்கள். அறை காலியாக இருக்கும்போது ஒரு முறை உரக்கக் கைதட்டுங்கள். ஒலி உடனே மறையாமல் நீண்டு ஒலித்தால் எதிர்முழக்கம் அதிகம்.
2. ஐந்து மீட்டர் சோதனை. ஒருவர் இயல்பான குரலில் பேச, ஐந்து மீட்டர் தள்ளி அமருங்கள். ஒவ்வொரு சொல்லும் புரிந்தால், அதே தெளிவுடன் அது உங்கள் கவனத்தையும் கலைக்கும்.
3. அளவிடுங்கள். கைப்பேசிச் செயலிகள் தோராயமான அளவையே தரும். எனினும் காலை, நண்பகல், மாலை என ஒப்பிட உதவும். ஜன்னலைத் திறந்தும் மூடியும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

பெரிய பொது அலுவலகங்களின் உள்ளே 45 முதல் 50 டெசிபல் வரையிலும், கலந்தாய்வு அறைகளிலும் சிறு அலுவலகங்களிலும் 35 முதல் 40 டெசிபல் வரையிலும் பின்னணி ஒலி இருக்கலாம் என்பது இந்தியத் தரநிலைகளின் பரிந்துரை. வெளிப்புறத்திற்கு, 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பகற்பொழுதில் தொழிற்பகுதிக்கு 75, வணிகப் பகுதிக்கு 65, குடியிருப்புக்கு 55 டெசிபல் என எல்லை வகுத்துள்ளன. சாலையோரம் 75 டெசிபல் இருக்கையில் ஜன்னலைத் திறந்துவைத்தால் உள்ளே 60 டெசிபலுக்கு மேல் வரும் என்பதை இதனால் உணரலாம்.

எதிர்முழக்கம்: ஓர் எளிய கணக்கு

1895-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டப்பட்ட விரிவுரை அறையொன்றில் பேச்சு புரியவில்லை. அதைச் சரிசெய்யப் பணிக்கப்பட்ட வாலஸ் சபின் என்னும் இளம் இயற்பியலாளர், நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அறையில் பரப்பி, ஒலி மறைய எடுக்கும் நேரத்தை அளந்தார். அவர் கண்ட விதி இன்றும் பயன்படுகிறது: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அறையிலுள்ள ஒலி உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், எதிர்முழக்க நேரம் நொடிகளில் கிடைக்கும்.

12 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள கூடத்தைக் கொள்வோம். கன அளவு 360 கன மீட்டர். சுவர், தரை, கூரை யாவும் கடினமானவை. தம்மீது விழும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கையே உறிஞ்சுபவை. இருபது பேர் அமர்ந்திருக்கின்றனர். அவர்களையும் சேர்த்து உறிஞ்சும் பரப்பு ஏறத்தாழ 20 சதுர மீட்டர். எதிர்முழக்க நேரம் சுமார் 2.9 நொடி. இக்கூரையில் மட்டும், ஒலியில் எழுபது விழுக்காட்டை உறிஞ்சும் கனிம நார்ப் பலகைகளைப் பொருத்தினால், உறிஞ்சும் பரப்பு சுமார் 100 சதுர மீட்டராக உயரும்; நேரம் 0.6 நொடிக்குக் குறையும். தொலைவிலுள்ளோரின் பேச்சொலியும் சுமார் 7 டெசிபல் தணியும். செலவு செய்ய ஒரே ஓர் இடம் உண்டெனில் அது கூரையே என்பதற்கு இக்கணக்கு காரணம் காட்டுகிறது.

சீராக்கும் வழிகள்

ஒலி பிறக்கும் இடம், அது பரவும் வழி, அதைக் கேட்கும் செவி என்ற வரிசையில் செயற்படுங்கள். செவியை அடைத்துக்கொள்வது முதல் வழியன்று, கடைசி வழியாகும்.

முதலாவது: பிறக்கும் இடத்தில் குறைத்தல்
• தொலைபேசிப் பணி செய்வோரை ஒரு பகுதியிலும், எழுத்துப் பணி செய்வோரை மறு பகுதியிலும் அமர்த்துங்கள். செலவில்லாத வழி இதுவே.
• கூட்டங்களுக்கும் நீண்ட அழைப்புகளுக்கும் கதவுள்ள ஒரு சிற்றறையை ஒதுக்குங்கள்.
• அச்சுப்பொறி, நீர் குளிர்விப்பான், தேநீர் மேசை ஆகியவற்றை இருக்கைகளிலிருந்து விலக்குங்கள்.
• நாற்காலிக் கால்களுக்கு ரப்பர்க் குமிழ் இடுங்கள்.
• ஜெனரேட்டர் ஒலித்தடுப்பு உறையுடன் இருக்க வேண்டும். டீசல் ஜெனரேட்டர்களின் ஒலி, உறையிலிருந்து 1 மீட்டர் தொலைவில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது மத்திய அரசின் விதி.

இரண்டாவது: பரவும் வழியில் தடுத்தல்
• கூரையை முதலில் கவனியுங்கள். துளையில்லாத சாதாரண ஜிப்சம் பலகை அழகாக இருக்கும், ஒலியை உறிஞ்சாது. கனிம நார்ப் பலகையோ, துளையிட்டுப் பின்னால் நார் நிரப்பிய பலகையோ வேண்டும்.
• இருக்கைகளுக்கிடையே தடுப்பு வைத்தால் அது அமர்ந்தவரின் தலைக்கு மேல் உயர வேண்டும், 1.4 மீட்டருக்குக் குறைந்த தடுப்பு பேச்சொலியை மறைப்பதில்லை. தடுப்பின் மேற்பரப்பு துணியாலானதாக இருத்தல் நன்று.
• எதிரெதிரே உள்ள இரு வெறுஞ் சுவர்களில் ஒன்றிலேனும் கனத்த திரைச்சீலையோ, நூல்கள் அடுக்கிய அலமாரியோ வையுங்கள்.
• சாலை இரைச்சலுக்கு ஜன்னல் இடுக்குகளை ரப்பர்ப் பட்டையால் அடையுங்கள். விரலளவு இடுக்கும் கனத்த கண்ணாடியின் பயனைக் கெடுத்துவிடும்.
• அடுத்த கூடத்தில் அழுத்து இயந்திரம் இயங்கினால் அதிர்வு தரை வழியே வரும். இயந்திரத்தின் அடியில் அதிர்வுத் தாங்கிகள் இடுவதே தீர்வு. உங்கள் சுவரில் எதை ஒட்டினாலும் பயனில்லை.

மூன்றாவது: சீரான மெல்லொலி
முற்றிலும் அமைதியான கூடத்தில் ஒருவரது முணுமுணுப்பும் அறை முழுதும் புரியும். மின்விசிறி, குளிர்சாதனம் போன்றவற்றின் சீரான மெல்லொலி பேச்சை ஓரளவு மறைக்கிறது. அது 45 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தவிர்க்க வேண்டியவை

• தெர்மோகோல், முட்டை அட்டை: இவை ஒலியைக் குறிப்பிடத்தக்க அளவு உறிஞ்சுவதுமில்லை, தடுப்பதுமில்லை. எளிதில் தீப்பற்றுபவை.
• மலிவான ரப்பர் நுரை: தீப்பிடித்தால் சில நிமிடங்களில் நச்சுப் புகையால் கூடத்தை நிரப்பும். தீத்தடுப்புச் சான்று இல்லாத நுரையைச் சுவரில் ஒட்ட வேண்டா.
• ஆஸ்பெஸ்டாஸ் கூரை: பழைய தொழிற்கூடங்களில் இத்தகைய கூரை இன்றும் உண்டு. பலகை தொங்கவிடுவதற்காக அதில் துளையிடவோ, அறுக்கவோ, உரசவோ கூடாது. வெளிப்படும் இழைத்தூள் பல ஆண்டுகளுக்குப் பின் நுரையீரல் நோயும் புற்றுநோயும் உண்டாக்கும். தனிச் சட்டகம் நிறுவி அதில் பலகைகளைத் தொங்கவிடுங்கள்.
• தரைக் கம்பளம்: சென்னையின் ஈரப்பதத்தில் கம்பளத்தில் தூசுப் பூச்சியும் பூஞ்சையும் பெருகும், ஆஸ்துமா உள்ளோருக்கு ஆகாது. கம்பளம் நடையொலியைக் குறைக்குமேயன்றிப் பேச்சொலியை அதிகம் குறைக்காது.
• காற்றோட்டத்தை அடைத்தல்: இரைச்சலுக்கு அஞ்சி எல்லா ஜன்னல்களையும் நாள் முழுதும் மூடிவைத்தால் காற்றுவழித் தொற்றுகள் எளிதில் பரவும். சாலைப் பக்கத்தை மூடினால் மறுபக்கத்தைத் திறந்துவையுங்கள். இல்லையேல் வெளிக்காற்றை உள்ளே கொணரும் விசிறி பொருத்துங்கள்.

ஹெட்செட் பயன்படுத்துவோருக்கு

• வாரத்திற்கு 40 மணி நேரத்திற்கு 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியோருக்குக் கூறும் எல்லை. கருவியின் உச்ச அளவில் அறுபது விழுக்காட்டைத் தாண்டாதிருத்தல் எளிய வழி.
• திடீர் உச்ச ஒலியைக் கட்டுப்படுத்தும் அமைப்புள்ள ஹெட்செட்டை நிறுவனத்திடம் கேளுங்கள்.
• ஹெட்செட்டைப் பிறருடன் பகிர வேண்டா. பகிர நேர்ந்தால் காதுறையை மாற்றுங்கள். வெப்பமும் வியர்வையும் மிகுந்த மாதங்களில் வெளிச்செவியில் பூஞ்சைத் தொற்று எளிதில் உண்டாகும்.
• காதுக்குள் எண்ணெய் விடுவதோ, ஊக்கு, பஞ்சுக்குச்சி ஆகியவற்றால் குடைவதோ கூடாது.
• நாள் முழுதும் காதை அடைத்துக்கொள்வது காதிரைச்சலையும் ஒலிக்கூச்சத்தையும் மிகைப்படுத்தும். தேவையான வேளையில் மட்டும் காதடைப்பானைப் பயன்படுத்துங்கள்.

தொடர்ந்து பேசும் பணியில் உள்ளோர் அடிக்கடி நீர் அருந்துங்கள். மணிக்கு ஐந்து நிமிடமேனும் குரலுக்கு ஓய்வு கொடுங்கள். தொண்டையைச் செருமுவதைக் குறையுங்கள்.

குடும்பத்தினருக்கும் பராமரிப்பாளருக்கும்

பணி முடிந்து வருபவரிடம் உடனே பேச்சைத் தொடங்காமல், தொலைக்காட்சியை அணைத்து அரை மணி நேர அமைதி கொடுங்கள். அது கோபமோ புறக்கணிப்போ அன்று. களைத்த செவிக்கும் மூளைக்கும் ஓய்வு. செவித்திறன் குறைந்தவரிடம் பேசும்போது உரக்கக் கத்த வேண்டா. முகம் பார்த்து, வெளிச்சத்தில் நின்று, நிதானமாகப் பேசுங்கள். புரியவில்லையெனில் அதே சொற்களைத் திரும்பச் சொல்வதை விட வேறு சொற்களில் சொல்லுங்கள். தொலைக்காட்சியின் ஒலியை அவர் நாளுக்கு நாள் கூட்டி வைத்தால் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

உங்கள் உரிமைகள்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 நியாயமான ஏற்பமைவு என்னும் கோட்பாட்டை வகுத்துள்ளது. இரு செவிகளிலும் பேச்சு அதிர்வெண்களில் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு உள்ளோர் செவித்திறன் குறைந்தோராகவும், 70 டெசிபல் இழப்பு உள்ளோர் காது கேளாதோராகவும் இச்சட்டத்தில் வரையறுக்கப்பட்டுள்ளனர். அமைதியான இருக்கை, கூட்டங்களின் எழுத்துக் குறிப்பு போன்றவற்றை இவர்கள் எழுத்து மூலம் கோரலாம். மருத்துவச் சான்றை இணைப்பது உதவும். தொழிலிட இரைச்சலால் உண்டாகும் செவித்திறன் இழப்பு, சட்டத்தால் அங்கீகரிக்கப்பட்ட தொழில்சார் நோயாகும். முன்பு பட்டறையில் பணிபுரிந்திருந்தால் அதை மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

உடனடியாக, அன்றே:
• ஒரு காதில் திடீரெனக் கேட்காமற்போதல். மூன்று நாட்களுக்குள் தோன்றும் இத்தகைய இழப்புக்குத் தொடக்கத்திலேயே சிகிச்சை பெற்றால் மீளும் வாய்ப்பு அதிகம். அழுக்கு அடைத்திருக்கும் என்று காத்திருப்பதால் அவ்வாய்ப்பு நழுவுகிறது.
• காது கேளாமையுடன் தலைசுற்றல், முகம் கோணுதல், கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல். இந்நிலையில் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

சில நாட்களுக்குள்:
• ஒரு காதில் மட்டும் தொடரும் காதிரைச்சல். இதயத் துடிப்போடு சேர்ந்து கேட்கும் ஒலி.
• காதிலிருந்து சீழ் அல்லது குருதி வடிதல்.
• மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் குரல் கம்மல். புகையிலைப் பழக்கம் உள்ளோர் இன்னும் விரைவில் வர வேண்டும்.
• இரைச்சலால் உறக்கம் கெட்டு, மனச்சோர்வோ பதற்றமோ இரண்டு வாரம் தொடர்தல்.

எங்கே அணுகலாம்?

முதற்படியாக உங்கள் பகுதியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள். அங்கிருந்து கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் பரிந்துரை பெறலாம். தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் உள்ளோர் தமது மருந்தகத்தின் வழியாக அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குச் செல்லலாம். செவித்திறன் பரிசோதனைக்கு முந்தைய 16 மணி நேரம் உரத்த ஒலியைத் தவிர்த்தால் முடிவு துல்லியமாக இருக்கும். மருத்துவ ஆலோசனைக்கு 104 எண்ணையும், மனநல ஆதரவுக்கு டெலி மானஸ் 14416 எண்ணையும் அழைக்கலாம்.

நினைவிற் கொள்க

• பகிர்வு அலுவலகத்தின் பேச்சொலி செவியை அழிப்பதில்லை. ஆனால் கவனத்தையும் உறக்கத்தையும் மனநிலையையும் கெடுக்கக்கூடும்.
• கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை, இருக்கைகளை முறையாகப் பிரித்தல், ஜன்னல் இடுக்கை அடைத்தல் ஆகிய மூன்றும் முதல் பணிகள்.
• நுரை, கம்பளம், ஆஸ்பெஸ்டாஸ் ஆகியவற்றில் எச்சரிக்கை தேவை.
• திடீர்க் காது கேளாமை அவசர நிலை. மறுநாள் வரை காத்திருக்க வேண்டா.

இப்பக்கம் பொதுத் தகவலுக்காக வழங்கப்படுகிறது. மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கு மாற்றாகாது.